17 வருட சேவை, கைவிட்டுப் போன றூட்: திங்கட்கிழமை வேனை எடுக்கலாமா, மறுக்கலாமா?

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் கம்பனியையும் ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 52. மாகாணங்களுக்கிடையே பார்சல் அனுப்பும் பெரிய கம்பனி ஒன்றில் டெலிவரி ஓட்டுநர். யூனியன் உள்ள வேலைத்தலம். சேர்ந்து 17 வருடம். முதல் மூன்று வருடம் வெயர்ஹவுசில் இரவு வேலை, பகுதி நேரம். அதன்பின் வேன். கடைசி ஒன்பது வருடமாக மார்க்கம் நகரில் ஒரே றூட்டில் ஓடியிருக்கிறார். தனி வீடுகள், வாசல் வரை வேன் போகும், பின்னேரம் நாலு மணிக்குள் டிப்போவுக்குத் திரும்பிவிடலாம்.

ஆறு கிழமைக்கு முன் கம்பனி றூட்டுகளை மறுபடி பிரித்தது. இவருடைய றூட் இலக்கம் லிஸ்டிலேயே இல்லை. அதை இரண்டாக உடைத்து, "நல்ல பாதியை" நாலு வருடச் சேவை மட்டுமே உள்ள ஒரு இளைஞருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த இளைஞர் இவருடைய ஊர்க்காரர், போன வருடம் தோளில் அடிபட்டவர். வாசகருக்குக் கிடைத்தது டவுன்டவுன் மாடிக் கட்டடங்கள். சுப்பவைசர் நீட்டிய தாளில் கையெழுத்தும் வைத்துவிட்டார். யூனியன் ஸ்டூவர்ட் (வேலைத்தலத்தில் யூனியனின் பிரதிநிதி) "கதைச்சுப் பார்க்கிறன்" என்று சொன்னவர், இப்போது போன் எடுப்பதில்லை.

"தங்கச்சி, இனிப் பொறுக்கேலாது" என்று முடிவுகளை அடுக்குகிறார். வருகிற திங்கட்கிழமை முதல் அந்த றூட்டில் ஓட மறுப்பது. இன்னும் மூன்று மூத்த ஓட்டுநர்களும் கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். கம்பனிமீதும் யூனியன்மீதும் வழக்குப் போடுவது. அந்த இளைஞரின் படத்தோடு வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதுவது. கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் ஒரு வரி: "முழங்காலும் முந்தி மாதிரி இல்லை."

அண்ணா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஒன்பது வருடம் ஒரே தெருக்களில் ஓடினால் எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த அம்மா பகலில் நித்திரை என்பதெல்லாம் தெரிந்துவிடும். அது ஒரு காகிதத்தில் மறைந்துபோவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் உங்கள் திட்டங்களில் ஒன்றும் அந்த றூட்டைத் திருப்பித் தராது. இரண்டு உங்கள் வேலைக்கே ஆபத்து. ஆகவே திங்கட்கிழமையிலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் காத்திருக்கும்.

திங்கட்கிழமை வேனை எடுங்கள்

கனடாவில் யூனியன் உள்ள வேலைத்தலங்களில் யூனியனுக்கும் கம்பனிக்கும் இடையிலான பிணக்குகளைத் தீர்க்கும் நடுவர்கள் பல பத்து வருடங்களாகச் சொல்லிவரும் விதி ஒன்று உண்டு: முதலில் வேலையைச் செய், பிறகு முறையிடு. சுப்பவைசரின் கட்டளை ஒப்பந்தத்துக்கு முரணானது என்று நீங்கள் நூறு வீதம் நம்பினாலும், அதைச் செய்துகொண்டே எழுத்தில் எதிர்க்க வேண்டும். மறுத்தால் விசாரணை "றூட்டைக் கொடுத்தது சரியா" என்ற கேள்வியில் நிற்காது. "கட்டளையை ஏன் மீறினீர்கள்" என்பதற்குத் தாவிவிடும். நீங்கள் முறைப்பாட்டுக்காரராக வாசலில் நிற்க வேண்டியவர். மறுத்த அன்றே குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள்.

இதற்கு விலக்குகள் சில உண்டு, அவற்றில் முக்கியமானது பாதுகாப்பு. கனடா தொழிற்சட்டத்தின் 128ஆம் பிரிவு ஆபத்தான வேலையை மறுக்க உரிமை தருகிறது. வேனின் பிரேக் பிடிக்கவில்லை என்றால் தாராளமாக மறுக்கலாம். றூட் கஷ்டம், லிப்டுக்குக் காத்திருக்க வேண்டும், பார்க்கிங் டிக்கெட் வரும் என்பவை அந்தப் பிரிவுக்குள் வரா.

மற்ற மூவரும் கூட நிற்பதாகச் சொன்னதைப் பலமாக நினைக்கிறீர்கள். எனக்கு அதுதான் அதிகம் பயம் தருகிறது. ஒருவர் மறுத்தால் கட்டளை மீறல். நாலு பேர் பேசிவைத்து மறுத்தால் சட்டத்தின் கண்ணில் அது வேலைநிறுத்தம். அந்த வரைவிலக்கணத்துக்குள் சேர்ந்து வேலையை மெதுவாக்குவதும் அடங்கும். ஒப்பந்தம் நடைமுறையில் உள்ள காலத்தில் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, அதே தொழிற்சட்டத்தின் 88.1ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. கம்பனி கனடா கைத்தொழில் உறவுகள் சபைக்குப் போய் அது சட்டவிரோதம் என்ற தீர்மானம் எடுக்கலாம், நாலு பேர்மீதும் ஒழுக்க நடவடிக்கை எடுக்கலாம். அப்போது யூனியனே உங்களிடம் "திரும்பிப் போய் வேலை செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டி வரும். நண்பர்களுக்கு இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சேவை மூப்பு எங்கிருந்து வருகிறது

"17 வருடம் ஓடினவனுக்குச் சட்டத்தில உரிமை இல்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காது. கனடா தொழிற்சட்டத்திலும் சரி, ஒன்ராறியோவின் வேலைத் தரச் சட்டத்திலும் சரி, மூத்தவருக்கே நல்ல றூட் என்று ஒரு வரியும் கிடையாது. மூப்பு என்பது யூனியனும் கம்பனியும் பேரம்பேசி எழுதிய கூட்டு ஒப்பந்தத்தில் இருந்து பிறப்பது. அதில் எவ்வளவு எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான். யூனியன் இல்லாத டெலிவரிக் கம்பனியில் 17 வருடம் ஓடியவருக்கு, நாளைக்கு எந்தத் தெருவைக் கொடுத்தாலும் கேட்க ஒப்பந்தப் பிரிவு ஒன்றும் இருக்காது. உங்களிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. ஆனால் "ஒப்பந்தத்தை நான் பார்த்ததில்லை" என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்!

அதை எடுங்கள். யூனியன் அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால், மத்திய சட்டத்துக்குக் கீழ் உள்ள கூட்டு ஒப்பந்தங்களின் பிரதியைத் தொழில் அமைச்சரிடம் பதிய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. மத்திய அரசின் "நெகொடெக்" என்ற இணையத் தளத்தில் தேடியும் பார்க்கலாம். உங்கள் கம்பனி மாகாண எல்லைகளைத் தாண்டித் தானே பார்சல் கொண்டுபோகிறது என்று எழுதியிருப்பதால் மத்திய சட்டம் என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நகரத்துக்குள் மட்டும் ஓடும் சிறிய கூரியர் கம்பனிகள் பல மாகாணச் சட்டத்துக்குக் கீழ் வரும். அவர்களுக்குச் சபையும் பிரிவு இலக்கங்களும் வேறு.

புத்தகம் கைக்கு வந்ததும் முழுவதையும் வாசித்துத் தலையைக் குழப்ப வேண்டாம். மூன்று இடங்களைத் தேடுங்கள்.

ஒன்று, மூப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது. பல ஒப்பந்தங்களில் இரண்டு மூன்று வகை மூப்பு இருக்கும். விடுமுறை நாட்களுக்குக் கம்பனியில் சேர்ந்த திகதி. றூட் தெரிவுக்கு ஓட்டுநரான திகதி அல்லது அந்த டிப்போவுக்கு வந்த திகதி. அப்படியானால் றூட்டைப் பொறுத்தவரை உங்களுடையது 17 வருடம் இல்லை, 14. நாலு வருடக்காரரோடு ஒப்பிடும்போது இது பெரிதில்லை. ஆனால் லிஸ்டில் உங்களைச் சுற்றி இருப்பவர்களோடு ஒப்பிடும்போது பெரிது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இரண்டு, மூப்பின் எடை. "தகுதி உள்ளவர்களில் மூத்தவருக்கு" என்று எழுதியிருந்தால், வேலையைச் செய்யக்கூடிய எவரும் மூப்பில் வெல்லலாம். "தகுதி சமமாக இருந்தால் மூத்தவருக்கு" என்றிருந்தால் முதலில் தகுதியை ஒப்பிடுவார்கள், மூப்பு சமநிலை முறிக்க மட்டும் உதவும். டெலிவரி றூட் விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் வராது. எல்லோரிடமும் ஒரே லைசென்ஸ், ஒரே வேன். இருந்தாலும் பாருங்கள்.

மூன்றாவதுதான் உங்கள் வழக்கின் இதயம்: றூட்டை மாற்றினால், உடைத்தால், இல்லாமல் செய்தால் என்ன நடக்க வேண்டும்? றூட்டை வரைவது பொதுவாகக் கம்பனியின் அதிகாரம். ஒப்பந்தம் கட்டுப்படுத்தாத விஷயங்கள் முகாமையின் கையில் என்று எல்லா ஒப்பந்தத்திலும் ஒரு பிரிவு கிடக்கும். ஆகவே "என் றூட்டை ஏன் உடைத்தீர்கள்" என்று கேட்டால் அனேகமாகத் தோற்பீர்கள். "உடைத்தபின் வந்த புதிய றூட்டுகளை ஏன் மூப்புப்படி தெரிவுக்கு விடவில்லை" என்று கேட்டால் கதை வேறு. சில ஒப்பந்தங்கள் றூட்டில் இவ்வளவு பங்குக்கு மேல் மாறினால் மறுபடி பிட் (மூத்தவரிலிருந்து வரிசையாக றூட்டைத் தெரிவுசெய்தல்) வைக்க வேண்டும் என்று எழுதும். சில, வருடத்துக்கு ஒருமுறை பொது பிட் என்று எழுதும். சில, வெற்றிடம் வந்தால் மட்டும் பலகையில் போட வேண்டும் என்று நிறுத்திக்கொள்ளும். கடைசி வகை என்றால், "ஆள் போகவில்லை, கோட்டை மட்டும் மாற்றினோம், வெற்றிடமே வரவில்லை" என்று கம்பனி வாதிடும். புதிய இலக்கத்தோடு புதிய றூட் வந்தால் அது வெற்றிடம்தான் என்று யூனியன் வாதிடும். இரண்டுக்கும் இடமுண்டு.

இன்னொன்று. 2016இல் ஒரு சுப்பவைசர் "இந்த றூட் உனக்குத்தான், ரிட்டயர் ஆகுமட்டும் ஓடு" என்று சொன்னதை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கு நல்ல மனதோடு சொல்லப்பட்டிருக்கலாம். ஆனால் கூட்டு ஒப்பந்தம் உள்ள இடத்தில் தனி ஆளோடு தனிப் பேச்சு செல்லாது என்பதை உச்ச நீதிமன்றம் 1975இல் மக்கவின் ரோஸ்ற்மாஸ்ரர் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்களுக்கு ஆறுதலான பக்கமும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நீங்கள் பதறிப்போய்க் கையெழுத்து வைத்த தாளும் உங்கள் ஒப்பந்த உரிமையை விற்றுவிடாது. அநேகமாக அது "அறிவித்தல் கிடைத்தது" என்பதற்கான கையெழுத்துத்தான். அதன் பிரதியைக் கேட்டு வாங்கிவையுங்கள்.

கடிதத்தில் இல்லாத ஒரு வரி

நல்ல பாதி யாருக்குப் போனது என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மற்றப் பாதி யாருக்குப் போனது? அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. அந்த ஆளும் சேவையில் உங்களைவிட இளையவர் என்றால், உங்கள் முறைப்பாட்டுக்கு அந்த இளைஞரே தேவையில்லை.

அதோடு மூப்பு லிஸ்டில் நீங்கள் எத்தனையாவது? இதைக் கட்டாயம் பாருங்கள். நீங்கள் வென்று, நடுவர் "எல்லாவற்றையும் மறுபடி பிட்டுக்கு விடுங்கள்" என்று கட்டளையிட்டால், முதலில் பேனாவை எடுப்பது நீங்கள் இல்லை. 24 வருடக்காரர் ஒருவர் மார்க்கத்தை எடுத்துவிட்டுப் போகலாம். மூப்பு கீழே உள்ளவரிடமிருந்து உங்களைக் காப்பாற்றும், மேலே உள்ளவரிடம் அதே மூப்பு உங்களைப் பின்வரிசையில் நிறுத்தும். வென்றும் றூட் கிடைக்காமல் வந்த ஓட்டுநர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் யூனியனைத் திட்டுவார்கள், பாவம், அங்கே திட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

தோள் காயம் உள்ள பெடியன்

அவர் சுப்பவைசரின் "செல்லப்பிள்ளை" என்பது உங்கள் முடிவு. இருக்கலாம். ஆனால் கடிதத்தில் நீங்களே கொடுத்த தகவல் வேறு ஒரு கதையைச் சொல்கிறது: போன வருடம் தோளில் அடிபட்டவர், படிக்கட்டும் பாரமும் குறைந்த றூட் கிடைத்திருக்கிறது. இது மனித உரிமைச் சட்டம் கேட்கும் இடமளிப்பாக (உடல்நிலைக்கு ஏற்ப வேலையை மாற்றிக் கொடுப்பது) இருக்க வாய்ப்பு நிறைய.

1992இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த றெனோ வழக்கை யூனியன்காரர் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பள்ளிக்கூடம் ஒன்றின் துப்புரவுப் பணியாளர். வெள்ளிக்கிழமை இரவு அவருடைய மதத்தில் வேலை செய்யக்கூடாது. வேலைகொடுத்தவர் பக்கம் வேறு நேரம் கொடுக்கத் தயாராக இருந்தும், மற்றவர்களின் ஒப்பந்த உரிமை பாதிக்கும் என்று யூனியன் தடுத்தது. அவர் வேலை இழந்தார். வேலைகொடுத்தவரும் யூனியனும் இருவருமே பொறுப்பு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தம் எழுதியிருக்கிறது என்பது மட்டும் போதுமான சாட்டு இல்லை.

ஆனால் மூப்பு அங்கே காணாமல் போகவில்லை. மற்ற ஊழியரின் உரிமையில் சின்ன இடைஞ்சல் வந்தால் பொறுக்க வேண்டும், பெரிய பாதிப்பு வந்தால் அது கணக்கில் எடுக்கப்படும் என்பதும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. ஆகவே கேட்கக்கூடிய நியாயமான கேள்விகள் உண்டு. ஆள் இல்லாத வேறு இலகுவான றூட் இருந்ததா? இந்த ஏற்பாடு தற்காலிகமா, நிரந்தரமா? தோள் குணமானபின் அந்த றூட் பலகைக்கு வருமா? தற்காலிகம் என்றால், பெரும்பாலும் யூனியனும் கம்பனியும் சேர்ந்து எழுதிய ஒரு கடிதம் எங்கோ இருக்கும்.

அந்தப் பெடியனின் மருத்துவ விபரத்தை உங்களுக்குச் சொல்ல ஸ்டூவர்டுக்கு உரிமை இல்லை. அவர் போன் எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். எடுத்தால் நீங்கள் கேட்பீர்கள், அவரால் சொல்ல முடியாது. (போன் எடுக்காமல் இருப்பது சரி என்று நான் சொல்லவில்லை.)

வாட்ஸ்அப் வேண்டவே வேண்டாம். ஒரு சக ஊழியரின் படத்தைப் போட்டு, காயம் நடிப்பு என்று எழுதினால் அது தொந்தரவு முறைப்பாடாகக் கம்பனி மேசைக்கு வரும். அவதூறு என்று தனி வழக்கும் வரலாம். அப்புறம் ஊர்க்குழு. அதில் போட்டது யாழ்ப்பாணம் போய்த் திரும்பி உங்கள் மகளின் போனுக்கு வர அரை மணித்தியாலம் போதும்.

முழங்கால்

கடைசி வரியில் போட்டிருந்தீர்கள். நான் அதை முதலில் வைத்திருப்பேன்.

அந்தப் பெடியனுக்கு இடமளித்த அதே சட்டம் உங்களுக்கும் இருக்கிறது. மாடிப்படி, நாள் முழுக்க ஏறி இறங்குதல் முழங்காலுக்கு ஒத்துவராது என்றால், அதை மனவருத்தமாகச் சொல்லாமல் மருத்துவக் கட்டுப்பாடாகச் சொல்ல வேண்டும். குடும்ப வைத்தியரிடம் போய், என்ன நோய் என்பதை அல்ல, என்ன செய்ய முடியாது என்பதை எழுதி வாங்குங்கள்: ஒரு தடவையில் எத்தனை படி, எவ்வளவு எடை, எவ்வளவு நேரம் நிற்கலாம், இது எவ்வளவு காலத்துக்கு. "முழங்கால் வலி, இலகுவான வேலை கொடுக்கவும்" என்று மட்டும் எழுதிய தாளைக் கம்பனி திருப்பி அனுப்பும், அதில் பிழையும் இல்லை. நல்ல தாளைக் கம்பனிக்கும் யூனியனுக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். சட்டம் நியாயமான ஏற்பாட்டைத்தான் தரும், உங்களுக்குப் பிடித்த றூட்டைத் தராது. மார்க்கம் கிடைக்காமல் வேறு இடத்தில் தனி வீடுகள் கிடைக்கலாம். அதை ஏற்க மறுத்தால் உங்கள் பக்கம் பலவீனமாகும்.

வலி வேலையால் வந்தது என்று வைத்தியர் நினைத்தால், ஒன்ராறியோ வேலைத்தலப் பாதுகாப்பு, காப்புறுதிச் சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதக் காலவரை இருக்கிறது. மத்திய சட்டத்துக்குக் கீழ் உள்ள தனியார் கம்பனி ஓட்டுநர்களுக்கும் அந்தக் காப்புறுதி இந்த மாகாணச் சபையிடம்தான். பதினாலு வருடம் வேனில் ஏறி இறங்கியவரின் முழங்காலுக்கும் வேலைக்கும் தொடர்பில்லை என்று யாரும் எளிதில் சொல்லமாட்டார்கள். ஆனால் வைத்தியரின் குறிப்பில் அது பதியப்பட வேண்டும்.

இது பொய்க்காரணம் தேடும் வழி என்று நினைக்க வேண்டாம். உண்மையில் வலி இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லாத வலியைக் காட்டினால், நீங்கள் அந்தப் பெடியன்மீது சந்தேகப்படுவதையே மற்றவர்கள் உங்கள்மீது படுவார்கள்.

நீதிமன்றம், யூனியன், கடிகாரம்

நீதிமன்றத்துக்கு நேரே போக முடியாது. 1995இல் வெபர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. முதுகுவலியில் லீவில் இருந்த ஒருவரை வேவு பார்க்க அவருடைய கம்பனி தனியார் துப்பறிவாளரை அனுப்பியது. ஆள் மாறாட்டம் செய்து வீட்டுக்குள்ளேயே வந்தார்கள். அவ்வளவு நடந்தும், இந்தப் பிரச்சினையின் வேர் ஒப்பந்தத்தில் இருக்கிறது, நடுவரிடம்தான் போக வேண்டும் என்றார்கள். உங்கள் றூட்டுக்கு வேறு பதில் வராது. வழக்குக்குச் செலவழிக்க நினைத்த காசை வங்கியிலேயே விடுங்கள்.

நடுவரிடம் போவது யூனியனின் கையில். அதற்கு முதல் படி கிறீவன்ஸ் என்ற எழுத்து முறைப்பாடு. இங்கேதான் எனக்குக் கவலை. பல ஒப்பந்தங்களில் சம்பவம் நடந்து சில நாட்களுக்குள், அதிகம் போனால் சில கிழமைக்குள் அது எழுத்தில் போக வேண்டும். உங்களுக்கு ஆறு கிழமை போய்விட்டது. ஸ்டூவர்ட் பதிந்தாரா இல்லையா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. காலம் தாண்டியிருந்தாலும் கதை முடியவில்லை. நியாயமான காரணம் இருந்து, மற்றப் பக்கத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லையென்றால் நடுவர் காலத்தை நீட்டலாம் என்று கனடா தொழிற்சட்டம் 60ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் "போன் எடுக்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்" என்பதைவிட "இந்த மூன்று திகதிகளில் எழுதிக் கேட்டேன்" என்பது நூறு மடங்கு நல்லது.

"ஒவ்வொரு செக்கிலும் காசு வெட்டுகிறார்கள், அப்ப யூனியன் என்ர லோயர்தானே?" இல்லை, அண்ணா. யூனியன் சந்தா எல்லோரிடமும் வெட்டும் முறை 1946இல் நீதிபதி ஐவன் ராண்ட் கொடுத்த தீர்ப்பிலிருந்து வந்தது. வின்ட்சர் போர்ட் ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் கொடுத்த தீர்ப்பு. ஒப்பந்தத்தின் நன்மை எல்லோருக்கும் என்றால் செலவிலும் எல்லோருக்கும் பங்கு என்பது அதன் நியாயம். அந்தக் காசு உங்களுக்குத் தனி வழக்கறிஞரை வாங்கித் தராது. முறைப்பாட்டின் சொந்தக்காரர் யூனியன். கொண்டுபோவதா, சமரசம் செய்வதா, கைவிடுவதா என்று தீர்மானிக்கலாம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு தீர்மானிக்க முடியாது. கனடா தொழிற்சட்டத்தின் 37ஆம் பிரிவு, யூனியன் எழுந்தமானமாகவோ பாகுபாட்டோடோ கெட்ட எண்ணத்தோடோ நடக்கக்கூடாது என்கிறது. 1984இல் உச்ச நீதிமன்றம் கானியோன் வழக்கில் இதை விளக்கியது: ஒவ்வொரு முறைப்பாட்டையும் நடுவரிடம் கொண்டுபோகும்படி ஒருவர் வற்புறுத்த முடியாது, ஆனால் யூனியன் அதை நேர்மையாக, ஒழுங்காகப் படித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும். உங்கள் கடிதத்தைத் திறக்காமலே கைவிட்டால் அது எழுந்தமானம். படித்து, ஒப்பந்தத்தைப் பார்த்து, "வெல்ல வழியில்லை" என்று எழுதித் தந்தால், அந்த முடிவு பிழையாகவே இருந்தாலும் சபை தலையிடாது. சபைக்குப் போகும் இந்த வகை முறைப்பாடுகளில் பெரும்பாலானவை தள்ளுபடியாவது இதனால்தான்.

போவதென்றால் கனடா கைத்தொழில் உறவுகள் சபைக்கு 90 நாளுக்குள் போக வேண்டும். யூனியன் உங்களைக் கைவிட்டது உங்களுக்குத் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணிக்கை. கடைசி நாள்வரை காத்திருந்து என்னிடம் வருபவர்களுக்கு நான் செய்யக்கூடியது கொஞ்சம்தான்.

அமெரிக்க யூபிஎஸ் ஓட்டுநர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து, "விசாரணைக்குக் கூப்பிட்டால் ஸ்டூவர்ட் இல்லாமல் வாய் திறக்கமாட்டேன், அது சட்டம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமை 1975இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வைன்கார்ட்டன் வழக்கில் தந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் டீம்ஸ்டர்ஸ் யூனியன் யூபிஎஸ்ஸோடு 2023இல் எழுதிய ஒப்பந்தமும் அப்படியே, அங்குள்ளவர்களுக்கு. இங்கே ஸ்டூவர்ட் கூட இருக்கும் உரிமை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். பெரும்பாலானவற்றில் இருக்கிறது. இருந்தாலும் உங்கள் புத்தகத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்த பிறகு சொல்லுங்கள்.

மின்னஞ்சல்

ஸ்டூவர்டுக்கு இனிப் போன் எடுக்க வேண்டாம். அவருக்கும், அவருக்கு மேலே உள்ள யூனியன் கிளை அலுவலகத்துக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுத மகள் உதவுவார். இவ்வளவு போதும்:

"என் றூட் இந்தத் திகதியில் நீக்கப்பட்டது. அதிலிருந்து இரண்டு புதிய றூட்டுகள் உருவாகின. இரண்டும் மூப்புப்படி தெரிவுக்கு விடப்படவில்லை. ஒப்பந்தம் மீறப்பட்டதாக நம்புகிறேன். புதிய றூட்டில் எதிர்ப்போடு வேலை செய்து வருகிறேன். என் சார்பில் கிறீவன்ஸ் பதியப்பட்டதா? எந்தத் திகதியில்? இல்லையென்றால் இன்றே பதியும்படி கேட்கிறேன். மறுமொழியை எழுத்தில் தரவும்."

கவனித்தீர்களா, அதில் அந்த இளைஞரின் பெயர் இல்லை, சுப்பவைசரின் குணம் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்பதும் "அவரை எடுத்துவிடுங்கள்" என்று இல்லை. எல்லோருக்கும் தெரிவு என்று கேட்டால் மற்ற மூன்று மூத்தவர்களும் தங்கள் பெயரில் அதே முறைப்பாட்டைப் போடலாம். திங்கட்கிழமை வேலையை மறுத்து நிற்பதற்குப் பதிலாக அவர்கள் உங்களோடு நிற்கக்கூடிய இடம் அது.

கூடவே சேர்த்துவைக்க வேண்டியவை: பலகையில் போட்ட அறிவித்தலின் படம், மூப்பு லிஸ்ட், பழைய றூட்டிலும் புதியதிலும் ஒரு நாளைக்கு எத்தனை இடம், எத்தனை மணிக்கு முடிகிறது என்று உங்கள் கையால் எழுதிய நாட்குறிப்பு. ஓவர்டைம் குறைந்திருந்தால் பழைய சம்பளச் சீட்டுகள். வென்றால் நடுவர் இழந்த சம்பளத்தையும் கட்டளையிடலாம், ஆனால் கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். வாடிக்கையாளரின் பெயர், விலாசம் தெரியும்படி பார்சலையோ ஸ்கேனரையோ படமெடுக்காதீர்கள். அதற்காகவே தனியாக வேலை போனவர்கள் உண்டு.

பதில் வர இரண்டு கிழமை கொடுங்கள். வராவிட்டால், அல்லது "முடியாது" என்று வந்தால், ஒப்பந்தத்தின் மூப்புப் பிரிவு, வெற்றிடப் பிரிவு, முறைப்பாட்டுப் பிரிவு ஆகிய பக்கங்களையும் அந்த மின்னஞ்சல்களையும் எனக்கு அனுப்புங்கள். 90 நாள் எங்கே நிற்கிறது என்று சேர்ந்து எண்ணிப் பார்க்கலாம். வைத்தியரிடம் நாள் எடுப்பதை அதுவரைக்கும் பின்போடாதீர்கள்.